குடோன், கோல்ட் ஸ்டோரேஜ், ஹேங்கர்: பெரிய கதவுகளை மின்சாரம் வீணாகாமல் வடிவமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குடோனுக்குப் பெரிய கதவு வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பஃப் எத்தனை எம்எம் போடலாம்?" பஃப் என்பது சூடு கடக்காமல் தடுக்கக் கதவுப் பலகைக்குள் நிரப்பும் பாலியூரித்தேன் நுரை. அதன் தடிமன் கடைசியில் வர வேண்டிய கேள்வி. மூடிய கதவின் பலகை வழியாக உள்ளே வரும் சூடு சொற்பம். கதவு திறந்திருக்கும் நேரத்தில் வருவதும், மூடிய பிறகு ஓரங்களில் விட்டுப்போன இடைவெளி வழியாக வருவதும்தான் கரன்ட் பில்லை ஏற்றுகின்றன. அதனால் திறந்திருக்கும் நேரம், திறப்பின் அளவு, கதவு வகை, காற்றழுத்தம், சீல், இவை முடிந்த பிறகு தடிமன் என்ற வரிசையில் போகலாம். உதாரணங்களை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஷெட்களை மனதில் வைத்துத் தருகிறேன். கோவையிலோ ஓசூரிலோ கட்டுகிறவர்கள் காற்று வேகத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. இந்தக் கட்டடத்துக்கு இன்சுலேட்டட் கதவு தேவையா?

உள்ளே ஏசியோ குளிரூட்டலோ இல்லாத சாதாரண குடோன் என்றால், தேவையில்லை. வெளியே 36 டிகிரி, உள்ளே 37 டிகிரி என்று இருக்கும் இடத்தில் 40 எம்எம் பஃப் கதவு எதையும் காப்பாற்றாது. அங்கே வெளிர் நிறப் பெயின்ட் அடித்த நல்ல ரோலிங் ஷட்டரும், சுவரின் அடியில் லூவரும், கூரையில் டர்போ வென்டிலேட்டரும் போதும். மிச்சப் பணத்தைக் கூரை இன்சுலேஷனில் போடுங்கள், ஏனென்றால் அப்படிப்பட்ட ஷெட்டில் சூடு தலைக்கு மேலிருந்துதான் இறங்குகிறது.

மருந்து, சாக்லேட், விதை, எலெக்ட்ரானிக்ஸ் என்று 25 டிகிரிக்குள் வைக்க வேண்டிய சரக்கு, 2 முதல் 8 டிகிரி அறை, மைனஸ் 20 ஃப்ரீசர், ஈரப்பதம் கட்டுப்படுத்தும் பெயின்ட் ஹேங்கர், இவை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. ட்ராயிங் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை

இவை இல்லாமல் கொட்டேஷன் கேட்டால், சப்ளையர் தன்னிடம் ஸ்டாக்கில் இருக்கும் கதவைத்தான் விற்பார்.

- அந்த வழியாகப் போகும் மிகப் பெரிய பொருள் எது? வண்டியா, ஃபோர்க்லிஃப்ட்டா, விமானமா? அதன் அகலம், உயரம். ஃபோர்க்லிஃப்ட் என்றால் மாஸ்ட்டை இறக்கிய நிலையில் உள்ள உயரமும், பேலட்டோடு சேர்ந்த உயரமும்.
- பரபரப்பான ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கடக்கிறார்கள்? மேனேஜர் சொல்லும் எண்ணை எழுதாதீர்கள். ஒரு பையனை நாற்காலி போட்டு உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள். சொன்ன எண்ணைவிட இரண்டு மடங்கு வருவது சகஜம்.
- உள்ளே எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரப்பதம்.
- ஸ்ட்ரக்சுரல் ட்ராயிங். கதவின் இரு பக்கத் தூண், மேலே வரும் பீம், அதற்கு மேல் உள்ள ஹெட்ரூம், பக்கவாட்டில் உள்ள இடம்.
- ஜெனரேட்டர் எந்த லைனுக்கு வருகிறது. கதவு மோட்டார் அதில் இல்லை என்று கரன்ட் போன அன்றுதான் பலருக்குத் தெரிய வருகிறது.
- தீயணைப்புத் துறை என்ஓசிக்கான வெளியேறும் வழிகள். பெரிய மோட்டார் கதவு எமர்ஜென்சி வழியாகக் கணக்கில் வராது. பக்கத்தில் ஆள் போகும் தனிக்கதவு வேண்டும். அந்தச் சின்னக் கதவு இருந்தால் ஆட்கள் பெரிய கதவைத் தொட மாட்டார்கள் என்பது மின்சாரக் கணக்கிலும் லாபம்.

3. திறந்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த காற்று கனமானது. கதவைத் திறந்ததும் அது தரையோரமாக வெளியே கொட்டுகிறது, அதே அளவு சூடான ஈரக்காற்று மேல் பாதி வழியாக உள்ளே நுழைகிறது. விசிறியோ காற்றோ எதுவும் தேவையில்லை. இதைக் கணக்கிட ஆஷ்ரே (ஏசி, குளிரூட்டல் இன்ஜினியர்களின் அமெரிக்கச் சங்கம்) கைநூலில் காஸ்னி-ஒலாமா என்ற சூத்திரம் இருக்கிறது. 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள கதவு, உள்ளே 4 டிகிரி, வெளியே 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் என்று அதில் போட்டால், முழுதாகத் திறந்து நிற்கும்வரை சுமார் 265 கிலோவாட் சூடு உள்ளே வருகிறது. குளிரூட்டல் டன் கணக்கில் 75 டன்.

இப்போது அதே கதவை மூடிவிட்டுப் பாருங்கள். 40 எம்எம் பஃப் பலகையின் யு மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாகப் போகும் சூடு, வாட்டில்) சுமார் 0.5. ஒன்பது சதுர மீட்டர், 31 டிகிரி வித்தியாசம், மொத்தம் 145 வாட் அளவுக்குத்தான் வருகிறது. நாள் முழுக்க, 24 மணி நேரமும் பலகை வழியாக வருவது 3.5 யூனிட் சூடு. கதவு திறந்திருந்தால் அதே 3.5 யூனிட் முக்கால் நிமிடத்தில் வந்துவிடும். 40 எம்எம்மை 80 எம்எம் ஆக்கினால் ஒரு நாளில் மிச்சமாகும் சூடு, கதவை 20 முதல் 25 விநாடி குறைவாகத் திறந்து வைப்பதற்குச் சமம். தடிமனைக் கடைசியில் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து ஒரு தடவை கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிரியுங்கள். ஏறும் நேரத்தில் பாதி, வண்டி கடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், இறங்கும் நேரத்தில் பாதி. பலகை பலகையாக மேலேறிக் கூரையோடு படுக்கும், விநாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் ஓடும் செக்‌ஷனல் கதவு 3 மீட்டர் ஏற 15 விநாடி, இறங்க 15 விநாடி எடுக்கும். நடுவில் 15 விநாடி கடக்க, காத்திருக்க. முழுத்திறப்புக் கணக்கில் 30 விநாடி. ஏறும்போது விநாடிக்கு 1.5 மீட்டர் ஓடும் ஹை ஸ்பீடு கதவுக்கு, நடுவில் காத்திருக்கும் நேரமும் குறைவதால், அதே கணக்கு 11 விநாடி வாக்கில் முடியும்.

மணிக்கு 40 தடவை என்றால் முதலாவது 20 நிமிடம் திறந்திருக்கிறது, இரண்டாவது 7 நிமிடம் சொச்சம். சராசரியாக 88 கிலோவாட்டுக்குப் பதில் 32 கிலோவாட். மிச்சமாகும் 56 கிலோவாட் சூட்டை வெளியே தள்ள, சிஓபி 3 உள்ள (ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூட்டை வெளியேற்றும்) மெஷின் சுமார் 19 கிலோவாட் மின்சாரம் தின்னும். பத்து மணி நேர ஷிஃப்ட்டுக்கு 190 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 1,500 ரூபாய், 300 வேலை நாளில் நாலரை லட்சம். நிஜத்தில் காற்றோட்டம் முழு வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும், கோல்ட் ரூமுக்கு முன்னால் 10–12 டிகிரியில் ஒரு ஆன்டி ரூமும் இருக்கும், அதனால் உங்கள் எண் இதைவிடக் குறையும். ஆனாலும் உங்கள் டிகிரியையும் உங்கள் எண்ணிக்கையையும் போட்டு இந்தக் கணக்கைச் செய்த பிறகு, ஹை ஸ்பீடு கதவின் விலையைப் பார்த்து யாரும் மிரண்டதில்லை.

4. திறப்பின் அளவு: உயரத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள்

அந்தச் சூத்திரத்தில் அகலம் நேர்விகிதத்தில் வருகிறது, உயரமோ ஒன்றரை மடி அடுக்கில் வருகிறது. உயரமான திறப்பில் குளிர்காற்று இன்னும் வேகமாகக் கொட்டும் என்பதே காரணம். 4.5 மீட்டர் உயரத்தை 3.5 ஆகக் குறைத்தால் இழப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அகலத்தை அதே விகிதத்தில் குறைத்தால் 22 சதவீதம்தான்.

"எதற்கும் இருக்கட்டும், ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவோம்" என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. லாரி உள்ளே வர வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள். ஹை க்யூப் கன்டெய்னர் மட்டுமே 2.9 மீட்டர், டிரெய்லரில் ஏற்றினால் 4.2, 4.3 மீட்டரைத் தொடும். அந்த வண்டி உள்ளே வராமல் டாக்கிலேயே (லாரி பின்பக்கமாக ஒட்டி நின்று சரக்கு இறக்கும் மேடை) நின்று இறக்கும் என்றால், தரையை சாலையிலிருந்து 1.2 மீட்டர் உயர்த்தி, திறப்பை 2.5 × 3 மீட்டரில் முடிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய மெஷின் உள்ளே போக வேண்டுமா? அதற்குத் தனியாக ஒரு பெரிய கதவு வைத்து, மற்ற நாட்களில் சீல் வைத்துப் பூட்டிவிடுங்கள். தினமும் நூறு தடவை ஓடும் கதவு சின்னதாக இருக்கட்டும்.

5. இடமும் திசையும்

எதிரெதிர்ச் சுவர்களில் நேருக்கு நேர் இரண்டு கதவு வைக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் ஷெட் முழுக்கக் காற்று ஊடுருவிப் போகும். மேலே போட்ட கணக்கெல்லாம் பல மடங்கு கூடிவிடும். வேறு வழி இல்லை என்றால் இன்டர்லாக் போட்டு, ஒன்று மூடிய பிறகே அடுத்தது திறக்கும்படி செய்யுங்கள்.

வட கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் கதவு வந்தே தீரும் என்றால் குறைந்தது 3 மீட்டர் நீட்டிய கனோபி வேண்டும். மேற்குப் பார்த்த கதவுக்கு அடர் நீலமோ சாம்பலோ அடிக்காதீர்கள். நேர் வெயிலில் பலகையின் வெளித்தகடு நன்றாகச் சூடேறி, உள்தகடு குளிர்ந்தே இருப்பதால், அகலமான பலகை வில்லாக வளையும். வளைந்தால் சீல் விட்டுப்போகும்.

6. கதவு வகையைத் தேர்ந்தெடுப்பது

ஒற்றைத் தகடு ரோலிங் ஷட்டர்: மலிவு, இடம் அடைக்காது, இரவில் பாதுகாப்பு. யு மதிப்பு 6-ஐ ஒட்டி இருக்கும், பலகைகளுக்கு நடுவிலும் கைடிலும் (ஷட்டர் ஏறி இறங்கும் பக்கக் காடி) காற்று தாராளமாகப் போகும். ஐ.எஸ். 6248 தரத்தில் கேளுங்கள். குளிர் காக்க இதை மட்டும் நம்ப வேண்டாம்.

செக்‌ஷனல் கதவு: பஃப் பலகைகள் கூரையோடு ஒட்டி மேலே போய்ப் படுக்கும். நாலு பக்கமும் ரப்பர் வரும். மணிக்கு ஐந்தாறு தடவை திறக்கும் இடத்துக்கு மிகப் பொருத்தம். ஹெட்ரூமும், உள்ளே டிராக்கைத் தாங்கும் ஸ்டீலும் வேண்டும். ஸ்பிரிங்ளர் பைப், லைட், கேபிள் ட்ரே எல்லாம் இதே இடத்துக்குத்தான் வந்து சேரும் என்பதால் ட்ராயிங்கில் முதலிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

ஹை ஸ்பீடு கதவு: பிவிசி துணியோ மெல்லிய இன்சுலேட்டட் திரையோ. வேகம்தான் இதன் பலம். துணிக்கு இன்சுலேஷன் கிடையாது, பூட்டுப் பாதுகாப்பும் கிடையாது.

வண்டி நடமாட்டம் அதிகம் உள்ள இடத்துக்கு நான் சொல்வது இரண்டையும் போடுங்கள் என்பதுதான். வெளிப்பக்கம் இன்சுலேட்டட் கதவு. காலையில் ஒரு தடவை திறந்து இரவில் ஒரு தடவை மூடுவது. உள்பக்கம் ஹை ஸ்பீடு. பகல் முழுக்க அது ஓடும். புயல் அறிவிப்பு வந்தால் வெளிக்கதவை இறக்கிவிட்டால் போதும், துணிக்கதவு காற்றைத் தாங்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் விட வேண்டிய இடத்தைச் சப்ளையர்கள் இருவரிடமும் ஒரே ட்ராயிங்கில் கையெழுத்து வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் ஒன்றின் மோட்டார் இன்னொன்றின் டிராக்கில் இடிக்கும்.

ஹேங்கர்: இங்கே அளவே வேறு. ஏர்பஸ் ஏ320 இறக்கை நுனிக்கு நுனி 35.8 மீட்டர், வால் உயரம் 11.76 மீட்டர். இருபுறமும் இடம் விட்டு 40 × 13 மீட்டர் என்று வைத்தால் 520 சதுர மீட்டர் திறப்பு. ஆனால் அந்த உயரம் வாலுக்கு மட்டும்தான் வேண்டும். நடுவில் வாலுக்கு ஒரு உயர்ந்த பிளவும் மற்ற இடத்தில் தாழ்ந்த கதவும் வைத்தால் பரப்பு வெகுவாகக் குறையும். தரை ரெயிலில் தள்ளும் பல மடிப்பு கதவு உறுதியானது, ஆனால் இலைக்கு இலை உள்ள இடைவெளியும் தரைக் காடியும் காற்று புகும் வழிகள். காடிக்கு வடிகால் இல்லை என்றால் மழைநீர் தேங்கி ரெயில் துருப்பிடிக்கும். மேலே மடிந்து போகும் துணிக்கதவில் ரெயில் இல்லை, சீலும் நன்றாக வரும், எடையும் குறைவு.

எந்த வகையானாலும் ஹேங்கரில் மேல் கைடு நெகிழ்வாக இருக்க வேண்டும். 40 மீட்டர் நீளப் பீம் பாரத்தில் இறங்கும், காற்று கூரையைத் தூக்கும்போது மேலேயும் போகும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இரண்டு அளவும் எழுத்தில் வாங்குங்கள். இறங்கும் அளவை மட்டும் பார்த்துவிட்டு, ஏறும் அளவைக் கேட்காமல் விட்டால், பெரிய காற்றில் கதவின் தலை கைடிலிருந்து கழன்றுவிடும்.

7. காற்றழுத்தம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. அந்தப் பகுதியில் ஷெட் கட்டுகிறவர்கள் இந்தப் படியை ஒருபோதும் தாண்டிப் போகக் கூடாது. பெரிய கதவு உள்நோக்கிப் பிய்ந்தால் சேதம் கதவோடு நிற்காது. காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே வெளிக்காற்று ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஷீட் பறக்கும்.

ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, கோவைக்கும் மதுரைக்கும் 39, ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள பெங்களூருக்கு 33. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 0.6 பெருக்கல் வேக வர்க்கம். 50-க்கு 1,500 பாஸ்கல் (சதுர மீட்டருக்கு அத்தனை நியூட்டன் விசை), 39-க்கு 913, 33-க்கு 653. 2015 பதிப்பில் கிழக்குக் கடற்கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வரை புயல் குணகமும் உண்டு. தொழிற்கூடங்களுக்கு வேகத்தை 1.15-ஆல் பெருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் இதற்குள் வருகிறது. அழுத்தம் 1,980 பாஸ்கலைத் தொடும். அதன் மேல் பரப்பு, சுவர், உள் அழுத்தக் குணகங்களை இன்ஜினியர் சேர்த்து இறுதி எண்ணைத் தருவார்.

அந்த எண்ணைத்தான் ஆர்டரில் எழுத வேண்டும். "விண்ட் கிளாஸ் 4" என்று பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 12424-இல் கிளாஸ் 3 என்பது 700 பாஸ்கல், கிளாஸ் 4 என்பது 1,000 பாஸ்கல். சென்னைக்கு இரண்டும் போதாது. கிளாஸ் 5 என்றால் ஆயிரத்துக்கு மேல் என்றுதான் பொருள், எவ்வளவு மேல் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்து, அந்த விசை எங்கே போகிறது? 5 × 5 மீட்டர் கதவின் மேல் 1,500 பாஸ்கல் என்றால் மொத்தம் 3.8 டன் தள்ளுகிறது. ரோலிங் ஷட்டர் அந்தத் தள்ளலில் வயிறு பிதுங்கி வளையும். வளையும்போது இரண்டு கைடுகளையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். 30 சென்டிமீட்டர் வளைந்தால் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.6 டன் இழுவை வருகிறது. விண்ட் லாக் (ஷட்டர் ஓரத்தைக் கைடுக்குள் பிடித்து வைக்கும் கொக்கி) இல்லாத ஷட்டர் கைடிலிருந்து உருவிக்கொண்டு வரும். விண்ட் லாக் இருந்தால் இழுவை முழுவதும் பக்கத் தூணுக்குப் போகும். பிஇபி (தொழிற்சாலையில் முன்கூட்டியே செய்து கொண்டுவரும் ஸ்டீல் கட்டடம்) ஷெட் கம்பெனி அந்தத் தூணை வெறும் ஷீட் தாங்கும் தூணாக வடிவமைத்திருக்கலாம். ஸ்டீல் ஃபேப்ரிகேஷனுக்குப் போகும் முன் கதவு சப்ளையரின் விசை எண்களை அவர்களிடம் கொடுங்கள். பிறகு கொடுத்தால் சைட்டில் வெல்டிங் ஒட்டுதான்.

8. சீல்: மில்லிமீட்டரில் பணம் போகும் இடம்

5 மீட்டர் அகலக் கதவின் அடியில் 10 எம்எம் இடைவெளி. பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். சாதாரணக் காற்றில் 10 பாஸ்கல் வித்தியாசம் வந்தால் அதன் வழியாக மணிக்கு 450 கன மீட்டர் காற்று புகும். உள்ளே 24 டிகிரி ஏசி என்றால் அது மட்டுமே ஒன்றரை டன் ஏசியைச் சாப்பிடும், கதவு மூடியிருக்கும்போதே.

சீலுக்கு முன்னால் தரை. கதவுக்கோட்டின் நேர் அடியில் தரை சுத்தமான மட்டத்தில் இருக்க வேண்டும். மழைநீருக்கான சரிவு கதவுக்கு வெளியே தொடங்க வேண்டும். விடிஎஃப் தளம் (வேக்குவத்தால் நீரை உறிஞ்சிப் போடும் கான்கிரீட் தளம்) போடும் ஆட்கள் பழக்கத்தில் தூணின் உள்முகத்திலிருந்தே சரிவை ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு எந்த ரப்பர் போட்டாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். கான்கிரீட் போடும் அன்று நீங்களே டியூப் லெவலோடு நில்லுங்கள், போட்ட பிறகு நீண்ட அலுமினியப் பட்டியும் ரசமட்டமும் வைத்துப் பாருங்கள். கதவு உட்காரும் விளிம்பில் ஸ்டீல் ஆங்கிளை ஆங்கரோடு பதித்துவிடுங்கள், இல்லையேல் ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் ஆறு மாதத்தில் அந்த விளிம்பைப் பொரித்துவிடும்.

அடிப்பக்கம் குழாய் வடிவ ரப்பர், ஈபிடிஎம் (வெயில் தாங்கும் செயற்கை ரப்பர்) கேளுங்கள். சாதாரண ரப்பர் நம் வெயிலில் இறுகி வெடிக்கும். பக்கங்களில் கதவோடு அழுந்தும் ரப்பர். மேலே ஒரு இதழ் ரப்பராவது கட்டாயம், சூடான காற்று நுழைவதே மேல் பாதி வழியாகத்தான், ஆனால் பொருத்துகிறவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்த மேல் சீலைத்தான். பிரஷ் சீல் தூசியைத் தடுக்கும், காற்றைப் பாதிதான் தடுக்கும், தண்ணீரைத் தடுக்கவே தடுக்காது.

கசிவை எண்ணால் கேட்க இ.என். 12426 இருக்கிறது. 50 பாஸ்கலில் சதுர மீட்டருக்கு மணிக்கு கிளாஸ் 2 என்றால் 12 கன மீட்டர், கிளாஸ் 3 என்றால் 6, கிளாஸ் 4 என்றால் 3. ஏசி குடோனுக்கு கிளாஸ் 3 நல்ல இலக்கு.

9. வியர்வை

சென்னையில் 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் பனிநிலை 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். உள்ளே 4 டிகிரியில் இருக்கும் ஸ்டீல் சட்டமே வெட்டில்லாமல் வெளியேயும் தொடர்ந்தால், வெளிப்பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தரை வழுக்கும், சட்டம் துருப்பிடிக்கும். சட்டத்தில் குளிரும் சூடும் தொடாதபடி நடுவில் பிளாஸ்டிக் துண்டு வைத்த தெர்மல் பிரேக் கேளுங்கள்.

ஃப்ரீசர் என்றால் சட்டத்திலும் தரை விளிம்பிலும் ஹீட்டர் கேபிள் வேண்டும், இல்லையேல் ரப்பர் பனிக்கட்டியோடு ஒட்டி, மோட்டார் இழுக்கும்போது கிழியும். அறைக்கு அழுத்தம் சமன் செய்யும் வால்வும் வேண்டும். புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது கதவை உள்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

10. இப்போது தடிமன்

ஏசி குடோனுக்கு 40 எம்எம், 2 முதல் 8 டிகிரிக்கு 80 எம்எம், ஃப்ரீசருக்கு 100 எம்எம்மும் அதற்கு மேலும். சப்ளையர் பட்டியலில் இருக்கும் யு மதிப்பு பலகையின் நடுப்பகுதிக்கானது. மூட்டு, விளிம்பு, ஜன்னல் எல்லாம் சேர்ந்த முழுக்கதவின் மதிப்பு இரண்டு மடங்கு வரை போகலாம். இ.என். 12428 முறையில் கணக்கிட்ட முழுக்கதவு மதிப்பைக் கேளுங்கள்.

11. ஸ்பிரிங், மோட்டார், சென்சார்

25 சதுர மீட்டர் செக்‌ஷனல் கதவு 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைச் சமன் செய்வது டார்ஷன் ஸ்பிரிங். சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 முதல் 25,000 தடவை. மணிக்கு 40 தடவை, பத்து மணி நேரம் என்றால் நாளைக்கு 400. 25,000 தடவை ஸ்பிரிங் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். பரபரப்பான திறப்புக்கு செக்‌ஷனல் போட்டவர்கள் "கதவு தரமில்லை" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஸ்பிரிங் உடைந்தால் கதவு விழாமல் பிடிக்கும் பிரேக், அடி விளிம்பில் சேஃப்டி எட்ஜ், இரு பக்கமும் ஃபோட்டோசெல், கரன்ட் இல்லாதபோது இழுக்கச் செயின், இவை நான்கும் பேரம் பேசக் கூடாதவை.

திறக்கும் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை யோசியுங்கள். கயிறு இழுத்துத் திறந்து பட்டன் அமுக்கி மூடும் கதவு, மதியத்துக்குள் நிரந்தரமாகத் திறந்தே நிற்கும், டிரைவர் இறங்கி வந்து மூட மாட்டார். தானாக மூட வேண்டும், கடந்த பிறகு 3 முதல் 5 விநாடியில். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மட்டும் திறக்க தரைக்கு அடியில், உலோக வண்டியை உணரும் கம்பிச் சுருளான இன்டக்‌ஷன் லூப் நல்லது; ரேடார் மட்டும் வைத்தால் பக்கவாட்டில் நடந்து போகிறவருக்கெல்லாம் கதவு திறக்கும். லூப்புக்கான காடியும் பைப்பும் தளம் போடும் முன் முடிவாக வேண்டும். அதற்குள் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கம்பி மிக மேலே இருந்தால் லூப் சரியாக உணராது, அதையும் சைட் இன்ஜினியரிடம் சொல்லுங்கள்.

12. டாக், ஸ்ட்ரிப், ஏர் கர்ட்டன்

டாக் கதவில் வண்டி பின்னால் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்க வேண்டும். குஷன் வகை டாக் சீல் எல்லா வண்டியும் ஒரே உயரத்தில் இருந்தால் நன்றாக அடைக்கும். நம் ஊரில் காலையில் நாற்பதடி டிரெய்லர், மதியம் டாடா 407, சாயங்காலம் குட்டி யானை. அதற்குத் திரை வகை அல்லது காற்று ஊதிப் பெருக்கும் ஷெல்டர்தான் பொருந்தும். லெவலரின் (டாக்கையும் லாரித் தளத்தையும் இணைக்கும் பாலத் தகடு) சுற்றுக் காடிக்கும் ரப்பர் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பிவிசி ஸ்ட்ரிப் மலிவானது, மணிக்கு நாலைந்து தடவை போகும் சின்னக் கதவுக்கு உதவும். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் டிரைவர்கள் பார்வை மறைக்கிறது என்று அதைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள், அப்புறம் அது இருந்தும் இல்லாததுதான். ஏர் கர்ட்டனின் காற்று தரையைத் தொட வேண்டும். 2.5 மீட்டருக்கான மாடலை 4 மீட்டரில் மாட்டினால் காற்று பாதியிலேயே கலைந்து, சூட்டையும் குளிரையும் இன்னும் நன்றாகக் கலக்கிவிடும்.

13. ஆர்டரில் எழுத வேண்டியவை

- திறப்பின் அளவு, தேவைப்படும் ஹெட்ரூம்.
- காற்றழுத்தம் பாஸ்கலில், உள்ளே தள்ளலுக்கும் வெளியே இழுத்தலுக்கும் தனித்தனியாக.
- தூணுக்கு வரும் விசைகள்.
- முழுக்கதவின் யு மதிப்பு, காற்றுக் கசிவு கிளாஸ்.
- திறக்கும் வேகம், மூடும் வேகம், தானாக மூடும் இடைவேளை.
- ஸ்பிரிங்கும் மோட்டாரும் எத்தனை தடவைக்கு, மணிக்கு எத்தனை தடவை வரை.
- திறந்த எண்ணிக்கையும் திறந்திருந்த நேரமும் காட்டும் கவுன்டர்.
- ஏஎம்சியில் (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வருஷத்துக்கு எத்தனை வருகை, சீல் ரப்பர் அதில் சேர்த்தியா.

14. கையெழுத்துப் போடும் முன் சோதனை

நல்ல வெயிலில் உள்ளே எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, கதவை மூடி, கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். வெளிச்சக் கோடு தெரியும் இடமெல்லாம் சாக்பீஸால் குறியுங்கள். கீழ் மூலைகள் இரண்டிலும், பலகை மூட்டு பக்க ரப்பரைச் சந்திக்கும் இடத்திலும் பெரும்பாலும் தெரியும். அடுத்து ஒரு தாளை ரப்பருக்கு அடியில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்போடு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. ஏசியை ஓடவிட்டு, ஊதுபத்திப் புகையைச் சுற்றிலும் காட்டினால் வெளிச்சம் தெரியாத கசிவும் பிடிபடும்.

மெயினை அணைத்து, செயினால் ஒருவர் மட்டும் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் சமநிலையைச் சோதிக்க, மோட்டாரைப் பிரித்துவிட்டுப் பாதி உயரத்தில் நிறுத்துங்கள். அங்கேயே நிற்க வேண்டும். மேலேறினாலோ கீழிறங்கினாலோ டென்ஷன் தவறு, அதைச் சரி செய்வது சப்ளையரின் டெக்னீஷியன் வேலை, நம் ஆட்கள் ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது.

ஒரு மாதம் ஓடிய பிறகு கவுன்டரைப் படித்து, மூன்றாம் படியில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து நேரம் மட்டும் கூடியிருந்தால் ஃபோட்டோசெல் லென்ஸில் தூசி இருக்கும், அல்லது யாரோ சென்சாருக்கு எதிரே பேலட்டை வைத்துக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். எண்ணிக்கையே கூடியிருந்தால் லூப் அகலமாக உணர்கிறது அல்லது ஆட்கள் அந்த வழியாக நடக்கிறார்கள். லூப்பின் சென்சிடிவிட்டியைக் குறைத்துவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவின் பூட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.